மாலிக் அம்பரும் கரைந்துபோன ஹப்ஷிகளும்

1600-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அகமத்நகர் கோட்டை அக்பரின் படையிடம் வீழ்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதே கோட்டையை முகலாயரிடமிருந்து காத்த சாந்த் பீபி, தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டிருந்தார். சிறுவனான சுல்தான் பகதூர் குவாலியர் கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டான். தக்காணத்தின் நிஜாம் ஷாஹி அரசு அத்துடன் ஒழிந்தது என்றே முகலாய அரசவை நினைத்தது. ஆனால் அந்த அரசு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் பெயரளவிலாவது நின்றது. அவற்றில் இருபத்தாறு ஆண்டுகள் அதைத் தாங்கிப் பிடித்தவர் மாலிக் அம்பர். அவர் எத்தியோப்பியாவில் பிறந்தவர். இளவயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, பல கை மாறி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்.

அவர் பிறந்தது ஏறத்தாழ 1548-இல். பெற்றோர் இட்ட பெயர் சாப்பு. 16-ஆம் நூற்றாண்டின் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் கிறித்தவ அரசுக்கும் அதால் சுல்தானகத்துக்கும் இடையே கடும் போர் நடந்தது. அதே காலத்தில் ஒரோமோ மக்கள் வடக்கு நோக்கிப் பெருமளவில் பரவினர். இந்தக் கொந்தளிப்பில் பிடிபட்டவர்கள் செங்கடல் துறைமுகங்கள் வழியாக அரபு நாடுகளுக்கு விற்கப்பட்டார்கள். சாப்பு முதலில் யேமனின் மோக்கா துறைமுகத்துக்கும் அங்கிருந்து பாக்தாதுக்கும் போனார். பாக்தாதில் அவரை வாங்கிய மீர் காசிம் என்ற வணிகர் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு படிப்பித்தார். இஸ்லாத்துக்கு மாற்றி அம்பர் என்று பெயரும் சூட்டினார். பிறகு அவரை வாங்கியவர் அகமத்நகரின் பேஷ்வா, அதாவது தலைமை அமைச்சர், செங்கிஸ் கான். அந்தச் செங்கிஸ் கானும் ஒரு காலத்தில் அடிமையாக வந்த எத்தியோப்பியரே. அவர் வாங்கி வைத்திருந்த ஆயிரம் எத்தியோப்பிய அடிமைகளில் ஒருவரானார் அம்பர்.

அடிமை அமைச்சராவதும், அவர் தன் நாட்டவரையே அடிமைகளாக வாங்குவதும் இன்று படிப்பவருக்குப் புதிராகத் தோன்றலாம். அட்லாண்டிக் கடலைக் கடந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கதையே உலகுக்கு அதிகம் தெரியும். இந்தியப் பெருங்கடலில் நடந்தது வேறு வகை. தக்காணத்துச் சுல்தான்களுக்கு வயலில் உழைக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. வாள் பிடிக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அரசவையில் இரண்டு கட்சிகள் ஓயாமல் மோதின. ஈரானிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பக்கம், தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிய தக்காணிகள் மறுபக்கம். இந்த இழுபறியில், ஊரும் உறவும் இல்லாத, எசமானரைத் தவிர வேறு பிடிப்பற்ற படைவீரனுக்குத் தனி மதிப்பு இருந்தது. கடல் கடந்து கொண்டுவரப்பட்ட எத்தியோப்பிய இளைஞர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். அவர்களுக்கு விலையாகப் போன பொருள்களில் முதன்மையானது தக்காணத்தில் நெய்த பருத்தித் துணி.

எத்தியோப்பியாவை அரேபியர் அல்-ஹபஷ் என்பார்கள். அந்த வழியில் இவர்கள் ஹப்ஷிகள் எனப்பட்டார்கள். இந்திய வரலாற்றில் இவர்களின் தடம் அம்பருக்கு வெகு முன்பே தொடங்குகிறது. தில்லியில் ரசியா சுல்தானின் குதிரை லாயத் தலைவரான ஜமாலுத்தீன் யாகூத் ஒரு ஹப்ஷி. அவர்மீது ராணி காட்டிய நம்பிக்கையைத் துருக்கிப் பிரபுக்களால் பொறுக்க முடியவில்லை. 1240-இல் யாகூத் கொல்லப்பட்டார். 14-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையோரம் பயணம் செய்த இப்னு பதூதா, கப்பலில் ஹப்ஷி வீரர்கள் இருந்தால் கடற்கொள்ளையர் நெருங்கவே அஞ்சுவார்கள் என்று பதிந்திருக்கிறார். வங்காளத்தில் அரண்மனைக் காவலர்களாக இருந்த ஹப்ஷிகள் 1487-இல் அரியணையையே கைப்பற்றி ஆறேழு ஆண்டுகள் ஆண்டார்கள்.

செங்கிஸ் கான் 1570-களின் நடுவில் இறந்தார். அவருடைய மனைவி அம்பருக்கு விடுதலை கொடுத்தார். எசமானர் மறைந்ததும் அடிமை வீரன் சுதந்திரம் பெற்று, கூலிப்படைத் தலைவனாகவோ இன்னொரு பிரபுவின் துணையாகவோ மாறுவது இந்த அமைப்பின் வழக்கம். அம்பரும் அப்படித்தான் புறப்பட்டார். பிஜப்பூர் அரசிடம் பணியாற்றி, மாலிக் என்ற பட்டம் பெற்று, தனக்கென ஒரு சிறு படையைத் திரட்டிக்கொண்டு 1595 அளவில் அகமத்நகருக்கே திரும்பினார். அப்போது அவரிடம் இருந்தவை 150 குதிரைகள் என்பார்கள். முகலாயர் தலைநகரைப் பிடித்த பின் சிதறிப்போன வீரர்கள் தலைவனைத் தேடி அலைந்தார்கள். நாட்டுப்புறத்தில் நின்று போராடிக்கொண்டிருந்த அம்பரிடம் அவர்கள் வந்து சேர, சில ஆண்டுகளில் படை ஆயிரக்கணக்கில் பெருகியது.

படை மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிஜாம் ஷாஹி குடும்பத்து இளைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பரந்தா கோட்டையில் இரண்டாம் முர்தசா என்ற பெயரில் முடிசூட்டினார். தன் மகளை அவருக்கு மணம் செய்துவைத்தார். தான் பேஷ்வா ஆனார். எங்கோ பிறந்து பேரும் மாறி வந்தவர், கால் நூற்றாண்டு முன்பு தன்னை விலைக்கு வாங்கியவர் வகித்த அதே பதவியில் அமர்ந்தார். 1602-இல் நாந்தேடு அருகே முகலாயத் தளபதி கான்-இ-கானான் அப்துர் ரஹீமின் மகனோடு மோதிப் படுகாயமடைந்தார். ராஜு தக்கணி என்ற உள்நாட்டுப் போட்டியாளரையும் சில ஆண்டுகளில் வென்று ஒழித்தார்.

முகலாயரின் பெரும்படை பீரங்கி, யானை, கூடாரம், கடைத்தெரு என ஒரு நகரத்தையே சுமந்து நகர்வது. அதை நேருக்கு நேர் மோதி வெல்ல முடியாது என்பதை உணர்ந்த அம்பர், தக்காணத்தின் பாறைகளையும் பள்ளத்தாக்குகளையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். இலேசான குதிரைப்படை திடீரென வரும், தானிய வண்டிகளைக் கொள்ளையடிக்கும், பின்வரிசையை வெட்டும், எதிரி அணிவகுப்பதற்குள் மலைக்குள் மறையும். இந்த முறைக்குப் பார்கி-கிரி என்று பெயர். இதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் மராத்தியக் குதிரைவீரர்கள். சிவாஜியின் தாத்தா மாலோஜி போன்ஸ்லே இந்த அரசில் பணியாற்றியவர். தந்தை சகாஜி அம்பரின் கீழ் போர்க்களம் கண்டவர். பிற்காலத்தில் சிவாஜியின் அவையில் பரமானந்தர் இயற்றிய சிவபாரதம் என்ற வடமொழிக் காவியம் அம்பரின் வீரத்தைப் புகழ்வதற்குக் காரணம் உண்டு. மராத்தியர் முகலாயரை அலைக்கழித்த போர்முறை அம்பரின் படையில் பழகிய ஒன்று. சகாஜியின் இன்னொரு மகன் எகோஜிதான் 1670-களில் தஞ்சாவூரைக் கைப்பற்றி அங்கே மராத்திய அரசை நிறுவினார். தமிழகத்துக்கும் அம்பரின் கதைக்கும் இடையே அவ்வளவு நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

1605-இல் பட்டத்துக்கு வந்த ஜஹாங்கீருக்கு இந்த எதிர்ப்பு தீராத எரிச்சலானது. தன் நினைவுக் குறிப்புகளில் அம்பரை நிறத்தைச் சொல்லி அவர் பலமுறை திட்டியிருக்கிறார். அவருடைய அரசவை ஓவியர் அபுல் ஹசன் ஏறத்தாழ 1616-இல் வரைந்த ஒரு சிற்றோவியம் இன்று டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அதில் ஜஹாங்கீர் உலக உருண்டையின்மேல் நிற்கிறார். உருண்டையைக் காளை தாங்குகிறது. காளையை மீன் தாங்குகிறது. எதிரே ஈட்டி முனையில் அம்பரின் வெட்டுண்ட தலை. அதன்மேல் ஓர் ஆந்தை. பேரரசரின் வில்லிலிருந்து பாய்ந்த அம்பு அந்தத் தலையின் வாயைத் துளைத்திருக்கிறது. இப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஜஹாங்கீரும் அம்பரும் நேரில் சந்தித்ததும் இல்லை. களத்தில் கிடைக்காத வெற்றியைப் பேரரசர் தாளில் பெற்றுக்கொண்டார். அம்பரை உள்ளபடி காட்டுவது அதே காலத்தில் ஹாஷிம் என்ற ஓவியர் தீட்டிய உருவப்படம்தான். இப்போது அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. நீண்ட வெள்ளை அங்கியும் இடையில் வாளுமாக, பக்கவாட்டில் பார்க்கும் முதியவரின் கனத்த உருவம் அது. எதிரியின் ஓவியர் தீட்டியும் அதில் கேலியின் சாயல் சிறிதும் இல்லை.

1617-இல் அம்பரின் பாசறைக்கு வந்த டச்சு வணிகர் பீட்டர் வான் டென் புரூக் அவருடைய உயரத்தையும் கடுமையான முகத்தையும் குறித்துவைத்ததோடு, நாட்டில் ஒழுங்கு நிலவுவதையும் மக்கள் அவரை மதிப்பதையும் எழுதினார். அதே வணிகர் இன்னொரு செய்தியையும் பதிந்திருக்கிறார். முர்தசா சுல்தானின் பாரசீக மனைவி ஒரு சண்டையில் அம்பரின் மகளை அடிமையின் மகள் என்று இழித்துப் பேசினாள்; செய்தி அம்பருக்கு எட்டியது; 1610-இல் சுல்தானுக்கும் ராணிக்கும் நஞ்சு கொடுக்கப்பட்டு, சுல்தானின் சிறு மகன் அரியணையில் அமர்த்தப்பட்டான். தானே முடிசூடிக்கொள்ளும் வலிமை அவருக்கு அப்போது இருந்தது. அப்படியும் கடைசிவரை நிஜாம் ஷாஹியின் சேவகன் என்ற நிலையிலேயே ஆண்டார். வந்தேறி ஒருவரைச் சுல்தானாகப் பிரபுக்கள் ஏற்கமாட்டார்கள் என்ற கணக்கு இதில் இருந்திருக்க வேண்டும்.

வெற்றிகள் தொடர்ச்சியாக வந்தவை அல்ல. 1616-இல் முகலாயர் அவரை முறியடித்து, அவர் கட்டிய கட்கி நகரை எரித்தார்கள். 1617-இலும் 1621-இலும் இளவரசர் குர்ரம், பின்னாளைய ஷாஜஹான், படையெடுத்து வந்து நிலங்களை விட்டுக்கொடுக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் உடன்படிக்கை எழுதிக் கொடுத்து, படை திரும்பிய பின் இழந்த ஊர்களை மீட்பது அம்பரின் வழக்கம். அந்தக் குர்ரமே தந்தைக்கு எதிராகக் கலகம் செய்து ஓடிவந்தபோது அம்பரிடம்தான் துணை தேடினார்.

1624-இல் முகலாயரும் பிஜப்பூரும் ஒன்றுசேர்ந்து வந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அகமத்நகருக்கு அருகே பாத்வாடி என்ற இடத்தில் அவர் ஏரிக்கரையை உடைத்துவிட்டார். வெள்ளம் பாய்ந்து, எதிரியின் பாதையும் பாசறையைச் சுற்றிய நிலமும் சேறாயின. கனத்த பீரங்கிகளும் வண்டிகளும் அசையவில்லை. உணவு வரத்து நின்றது. இரவில் தாக்குதல்கள் தொடர்ந்தன. பிஜப்பூரின் தளபதி முல்லா முகம்மது லாரி களத்தில் மாண்டார். அம்பரின் பக்கத்தில் சகாஜியின் தம்பி சரீப்ஜி உயிரிழந்தார்.

போரைவிட நீடித்து நின்றவை அவர் செய்த இரண்டு வேலைகள். ஒன்று நகரம். 1610-இல் கட்கி என்ற சிற்றூரைத் தேர்ந்து தலைநகராக விரித்துக் கட்டினார். பின்னர் ஔரங்காபாத் ஆகி, இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாறியிருப்பது அதுவே. முகலாயரை வென்றதன் நினைவாக அவர் எழுப்பிய பட்கல் வாயில் அங்கே இன்றும் நிற்கிறது. ஆனால் நகரத்தின் உயிர் தரைக்குக் கீழே ஓடியது. கட்கியில் மக்கள் குடியேறப் போதுமான தண்ணீர் இல்லை. வடக்கே ஹர்சூல் பக்கத்து மலையடிவாரத்தில் ஊறும் நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய்களில் சேர்த்து, சாய்வை மட்டுமே நம்பி ஊருக்குள் இறக்கினார்கள். எந்திரமும் ஏற்றமும் இல்லை. வழியில் ஆங்காங்கே தரைவரை எழும் துளைக் கிணறுகள் காற்று புகவும் ஆள் இறங்கித் தூர்வாரவும் பயன்பட்டன. ஊருக்குள் மண்குழாய்கள் வழியே தண்ணீர் தொட்டிகளுக்கும் மசூதிகளுக்கும் வீடுகளுக்கும் பிரிந்தது. ஈரானிலும் அரேபியாவிலும் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருந்த கனாத் முறை இது. பாக்தாதில் வளர்ந்த அம்பர் அதை அங்கேயே அறிந்திருக்கலாம். நஹர்-இ-அம்பரி என்று பெயர்பெற்ற இந்தக் கால்வாய் நூற்றாண்டுகள் கடந்தும் நகருக்குத் தண்ணீர் தந்தது.

இன்னொன்று நிலவரி. வரி வசூலை ஏலம் எடுத்தவர்கள் உழவர்களைக் கசக்கிப் பிழிந்த வழக்கத்தை நிறுத்தி, நிலத்தின் தரத்தையும் உண்மையான விளைச்சலையும் பார்த்து வரி விதித்தார். பின்னர் அதைப் பணமாகக் கட்டவும் வழிசெய்தார். அக்பரின் அமைச்சர் தோடர்மால் வடக்கே செய்த சீர்திருத்தத்தோடு ஒப்பிட்டுப் பேசப்படும் முறை இது. போர் ஓயாத நாட்டில் உழவர் ஊரைவிட்டு ஓடாமல் இருந்ததாலேயே அவரால் ஆண்டுதோறும் படை திரட்ட முடிந்தது.

1626 மே மாதம் அம்பர் இறந்தார். குல்தாபாதில் அவர் கல்லறையும், சற்றுத் தள்ளி மனைவி பீபி கரீமாவின் கல்லறையும் உள்ளன. ஜஹாங்கீரின் வரலாற்றாசிரியர் முத்தமத் கான் அவருடைய மரணத்தைப் பதிவுசெய்யும்போது, போர்த்திறத்திலும் ஆட்சித்திறத்திலும் அவருக்கு நிகரில்லை என்றும், ஓர் அடிமை இவ்வளவு உயர்ந்ததற்கு வேறு சான்று இல்லை என்றும் மனமாரப் பாராட்டினார். அம்பரின் மகன் பத்தே கானுக்குத் தந்தையின் உறுதி வாய்க்கவில்லை. 1633-இல் தௌலதாபாத் கோட்டையை முகலாயரிடம் ஒப்படைத்தார். மூன்று ஆண்டுகளில் நிஜாம் ஷாஹி அரசு வரைபடத்திலிருந்தே அகன்றது.

ஹப்ஷிகளின் செல்வாக்கு அதற்குப் பிறகும் சிறிது காலம் இருந்தது. பிஜப்பூரில் இக்லாஸ் கான் அமைச்சராக அரசை நடத்தினார். 1660-இல் பன்ஹாளா கோட்டையில் சிவாஜியை மாதக்கணக்கில் முற்றுகையிட்ட சித்தி ஜௌஹரும் ஒரு ஹப்ஷியே. பிறகு அவர்களைப் பற்றிய பேச்சே குறைந்துபோகிறது. படைக்கு வேண்டியவர்கள் ஆண்களாதலால் பெரும்பாலும் ஆண்களே கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் இங்குள்ள பெண்களை மணந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் அடிமைகள் அல்லர். தக்காண முஸ்லிம்களாகவே வளர்ந்தார்கள். தக்காண அரசுகள் ஒவ்வொன்றாக முகலாயர் வசமானதும் புதிய ஹப்ஷிகளை வாங்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. இரண்டு மூன்று தலைமுறைகளில் அவர்கள் ஊரோடு ஊராகக் கலந்துவிட்டார்கள்.

அவர்கள் அப்படிக் கலந்துவிடாமல் நின்ற இடம் ஜஞ்சீரா. மகாராஷ்டிரக் கரையில் முருட் ஊருக்கு எதிரே, கடலுக்குள் ஒரு பாறைத் தீவு முழுவதையும் சுற்றி எழும் மதில். அலை நேராக மதிலில் வந்து மோதும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, சித்திகள் என்றும் அழைக்கப்பட்ட ஹப்ஷிகளின் தலைவர்கள் இதை வைத்துக்கொண்டு கொங்கணக் கடலை ஆண்டார்கள். பின்னர் ஔரங்கசீப்பின் கடற்படையாகவும் பணியாற்றினார்கள். சிவாஜி பலமுறை முயன்றும் பிடிக்க முடியாமல் அருகிலேயே பத்மதுர்கம் என்ற கடற்கோட்டையைக் கட்டினார். அவர் மகன் சம்பாஜி கரையிலிருந்து தீவுவரை கடலைத் தூர்க்கவே முனைந்தார். ஆங்கிலேயர் காலத்திலும் தனி சமஸ்தானமாக நீடித்த ஜஞ்சீரா 1948-இல்தான் இந்தியாவோடு இணைந்தது. இந்தக் குடும்பத்தின் ஒரு கிளைக்காக 1791-இல் சூரத் அருகே உருவான சச்சின் சமஸ்தானமும் அப்போதே இணைந்தது.

ஹப்ஷிகளின் கலைநுட்பத்தைக் காண அகமதாபாதின் சித்தி சையது மசூதிக்குப் போக வேண்டும். 1572-73-இல், அக்பர் குஜராத்தை வெல்லும் தறுவாயில், சித்தி சையது என்ற ஹப்ஷிப் பிரபு கட்டியது அது. அதன் அரைவட்டச் சாளரம் ஒன்றில் ஒரு மரம், கிளை கிளையோடு பின்னி, இடையிடையே வெளிச்சம் புகும்படி கல்லிலேயே குடையப்பட்டிருக்கிறது. அகமதாபாத் மேலாண்மைக் கல்லூரியின் சின்னம் அந்தச் சாளரத்தைத் தழுவியது.

குஜராத், கர்நாடகம், தெலங்கானா பகுதிகளில் இன்று சித்தி என்ற பெயரில் வாழும் மக்களில் பெரும்பாலோர் அம்பர் வந்த வழியில் வந்தவர்கள் அல்லர். 2011-இல் வெளியான மரபணு ஆய்வுகள் அவர்களின் ஆப்பிரிக்க வேரைப் பாண்டு மொழி பேசும் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. எத்தியோப்பியாவுக்குத் தெற்கே, கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்து அரபு வணிகர்களும் போர்த்துகீசியரும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வாள் பிடிக்க வந்தவர்கள் அரசர்களை உருவாக்கினார்கள். வீட்டு வேலைக்கும் துறைமுகச் சுமைக்கும் வந்தவர்களுக்கு அத்தகைய ஏணி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆப்பிரிக்காவின் தடத்தை இன்றுவரை காத்து வைத்திருப்பவர்கள் இந்த எளியவர்களே.

குஜராத்தில் ரத்தன்பூர் குன்றின்மேல் பாவா கோர் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அகீக் கல் வணிகத்தை வளர்த்த மகான் என்று அவரைச் சித்திகள் போற்றுகிறார்கள். அவருக்கும் தங்கை மாய் மிஸ்ராவுக்கும் எடுக்கும் விழாக்களில் தமால் என்ற கூத்து நடக்கும். முகர்மான் என்ற உயரமான முரசு முழங்கும். ஒற்றை நரம்பு வில்லில் சுரைக்காய் பொருத்திய மலுங்கா என்ற கருவியும் சேரும். ஆடுபவர் தேங்காயை உயரே எறிந்து தலையில் ஏந்தி உடைப்பதும் உண்டு.

போர்த்துகீசியர் கப்பலில் வந்த ஆப்பிரிக்கர்கள் இலங்கையையும் அடைந்தார்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தங்கள் படைக்கு மேலும் சிலரைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படை 1873-இல் கலைக்கப்பட்டபோது, அதிலிருந்த ஆப்பிரிக்க வீரர்களில் பலர் புத்தளத்தில் தங்கி உப்பளங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அருகிலுள்ள சிரம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். வீட்டுச் சாமான்களையே தாளமாக்கி அவர்கள் பாடும் மாஞ்சா பாட்டுகள் போர்த்துகீசியக் கிரியோல் மொழியில் அமைந்தவை. இளையோர் சிங்களமும் தமிழும் பேசுகிறார்கள். பாட்டில் மட்டும் பழைய மொழி நீடிக்கிறது.

கோவாவில் போர்த்துகீசியரிடமிருந்து தப்பியவர்கள் தெற்கே உத்தர கன்னடக் காடுகளுக்குள் போனார்கள். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் அவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. இந்து, முஸ்லிம், கிறித்தவர் என மூன்று சமயங்களிலும் சித்திகள் உண்டு. நிலமற்ற கூலிகளாகவே பல தலைமுறைகள் கழிந்தன. சித்திப் பெண்களின் கைவேலை கவண்டி என்ற போர்வை. பழைய சேலைகளையும் சட்டைகளையும் கிழித்து, ஓரத்தின் ஒரு மூலையில் தொடங்கி, துணித் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் முடிப்பார்கள். தையல் ஓட்டம் போர்வை முழுவதும் ஒரே நேர்த்தியில் செல்லும். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துணிகள், பூல் எனப்படுபவை, வைத்தால்தான் கவண்டி நிறைவுற்றது என்பது அவர்கள் வழக்கம்.

1987-இல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து ஓட்டப்பந்தயங்களுக்குப் பயிற்றுவித்தது. சிலர் தேசிய அளவில் பதக்கங்கள் வென்ற பிறகும் அந்தத் திட்டம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. பலர் படிப்பையும் பயிற்சியையும் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. நிலைமை மெல்லத்தான் மாறியது. 2003-இல் உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 2020-இல் சாந்தாராம் சித்தி கர்நாடகச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவையில் இடம்பெற்ற முதல் சித்தி அவர். குஜராத்தின் ஜாம்பூர் கிராமத்தில் பெண்களைத் திரட்டிச் சேமிப்பு, உரத் தயாரிப்பு, பள்ளிக்கூடம் என்று பல ஆண்டுகள் உழைத்த ஹீராபாய் லோபிக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.